மனநல மீட்சி: கேட்டவையும் பதில்களும்

(மனநல மறுவாழ்வுப் பணியில் இருப்பவன் நான். மருத்துவன் இல்லை.)

அம்பத்தூர் அம்மா: மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). வெளிநாட்டில் ‘ரெகவரி காலேஜ்’ இருக்கிறதாமே, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரி இல்லை அம்மா, வகுப்பறை. 2009இல் தென்மேற்கு லண்டனில் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்மாதிரி அமெரிக்காவின் பாஸ்டன், ஃபீனிக்ஸ் நகரங்களில் இருந்தது. உங்கள் மகன் அங்கே நோயாளியாக இல்லை, மாணவராகச் சேர்வார். தூக்கம், காதில் கேட்கும் குரல்கள், வேலைக்குத் திரும்புவது என்று தனக்கு வேண்டிய பாடத்தை அவரே எடுத்துக்கொள்வார். பக்கத்து நாற்காலியில் ஒரு நர்ஸோ உங்களைப் போன்ற ஒரு அம்மாவோ படிக்கலாம். பாடத்தை நோயோடு வாழ்ந்தவரும் மனநலப் பணியாளரும் சேர்ந்தே தயாரித்து, சேர்ந்தே நடத்துவார்கள். இதில் உயிர்நாடியே அதுதான்.

வியாசர்பாடி: மாத்திரை டோஸைக் குறைக்கலாமா?

டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தாம்பரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நோய் வந்தவரே பாடம் எடுப்பது ஆபத்தில்லையா?

மருந்து என்ன செய்யும் என்று டாக்டர் சொல்வார், சார். ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு, காலையில் தலை கனக்க எழுந்து எட்டு மணி ட்ரெயினைப் பிடிப்பது எப்படி? அதைத் தினமும் செய்தவர்தான் சொல்ல முடியும். ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா, மனக்கஷ்டத்தோடு வருபவர்களிடம் பேசி உதவப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து கிளினிக் வளாகத்து பெஞ்சில் உட்கார வைத்தார். அவர்களிடம் பேசியவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகவே குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதே ஆசிரியர்: பாட்டிகள் நோயாளிகள் இல்லையே!

இல்லைதான். பட்டம் இல்லாதவரும் முறையான பயிற்சி பெற்றால் உதவ முடியும் என்பதற்கே அதைச் சொன்னேன். ரெகவரி காலேஜில் கற்றுத் தருபவருக்கும் பயிற்சி உண்டு, கூடவே பணியாளரும் இருப்பார். ஒரு நாள் அவருக்கு முடியவில்லை என்றால்? உங்கள் பள்ளியில் ஆசிரியருக்கு ஜுரம் வந்தால் வேறொருவர் வகுப்பைப் பார்த்துக்கொண்டார் இல்லையா, அப்படித்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது சார்: ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று குணமாகி வருபவரை வருஷக்கணக்கில் மூலையில் உட்கார வைப்பதில்.

பெரம்பூர்: நம்மூரில் உண்டா?

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993 முதல் இயங்கும் பேன்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. வேலைப் பயிற்சி, குடும்பத்தாருக்கான வகுப்புகள் பற்றி அங்கே விசாரியுங்கள். குணமடைந்தவர் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவது நம்மூரில் இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

மயிலாப்பூர்: கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. வரப்போகும் பெண்ணிடம் மறைக்கவும் கூடாது.

வேளச்சேரி: தம்பி இன்ஜினியரிங் பாதியில் நிற்கிறான். திரும்பச் சேரலாமா?

கண்டிப்பாக முயலலாம். இடைவெளிக்குப் பின் சேர என்ன விதி என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. முதல் பருவத்திலேயே எல்லாப் பேப்பரையும் அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

திருவொற்றியூர்: நன்றாகிவிட்டது, மாத்திரையை விடலாமா?

மேலே சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம். டாக்டரைப் பார்க்கும்வரை மனசு தடுமாறினால், எந்த நேரமானாலும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை 14416இல் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.