முத்துப்பாரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தேவிபட்டினத்தில் சிறிய வாசகர் வட்டம் ஒன்றை நடத்துகிறோம். ஆசிரியர்கள், மீனவக் குடும்பத்துப் பெண்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். அறிவியல் புனைகதை என்றாலே எல்லோரும் ஒதுங்குகிறார்கள். ‘டூன்’ நாவலைக் கொடுத்துப் பார்த்தேன். யாரும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. இவர்களிடம் அறிவியல் மனப்பான்மையை வளர்க்கும் பத்து நாவல்களைச் சொல்வீர்களா? முதலில் திரைப்படங்களைப் போட்டுக் காட்டலாமா?

பதில்: பத்து நாவல்களின் பட்டியலைத் தருவதாக இல்லை. உங்கள் வட்டத்தினர் அறிவியல் புனைகதையை ஒதுக்கவில்லை. நீங்கள் கொடுத்த ஒரு புத்தகத்தைத்தான் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டூன்’ பெரிய படைப்புதான். ஆனால் அதன் உலகத்தில் புழங்கும் சொற்களை விளக்குவதற்கென்றே நூலின் இறுதியில் ஒரு சொல்லகராதி இணைக்கப்பட்டிருக்கிறது. இவ்வகைக் கதைகளில் ஊறியவர் ஆசையோடு புரட்டும் அந்தப் பக்கங்கள், வீட்டு வேலையெல்லாம் முடித்து இரவில் அரை மணி நேரம் படிக்க உட்காரும் ஒரு பெண்ணுக்கு அலுப்பை மட்டுமே தரும். அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டுமென்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். திருத்தும் நோக்கத்தோடு நீட்டப்படும் நாவலை எந்த வயதுக்காரரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

யாருக்கு எதில் ஏற்கெனவே ஈடுபாடு இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊரில் அது பெரும்பாலும் கடலாக இருக்கும். ஜூல் வெர்ன் எழுதி 1870இல் நிறைவுற்ற ‘கடலடியில் இருபதாயிரம் காதம்’ நாவலின் இரண்டாம் பாகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கே வருகிறது. இலங்கைப் பக்கத்து முத்துப்பாரில், அதாவது முத்துச்சிப்பிகள் விளையும் கடலடித் திட்டில், காலிடுக்கில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஏழை இந்தியன் ஒருவனைச் சுறா தாக்க, நீர்மூழ்கியின் தலைவன் கப்டன் நெமோ கத்தியோடு அதன்மேல் பாய்ந்து அவனைக் காப்பாற்றி, ஒரு பை நிறைய முத்துக்களையும் கொடுத்தனுப்புகிறான். மனிதகுலத்தையே வெறுத்து ஒதுங்கிய நீ ஏன் இவனுக்காக உயிரைப் பணயம் வைத்தாய் என்ற வியப்புக்கு நெமோ தரும் விடை, அந்த மனிதன் ஒடுக்கப்பட்ட ஒரு நாட்டைச் சேர்ந்தவன், தானும் கடைசி மூச்சுவரை அத்தகையோரில் ஒருவனே என்பதுதான். நெமோ உண்மையில் 1857 எழுச்சியில் போரிட்ட, இந்தியாவின் பந்தேல்கண்ட் பகுதி இளவரசன் என்பதைப் பின்னர் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் வெர்ன் வெளிப்படுத்துகிறார். நம் கடலைக் கண்ணால் பாராத ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய இந்த அத்தியாயத்தை அடுத்த கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். சங்கு குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எவரேனும் அங்கே இருந்தால், வெர்ன் எங்கெங்கே தவறியிருக்கிறார் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அதைவிடச் சிறந்த விவாதம் உங்கள் வட்டத்துக்குக் கிடைக்காது. ஆனால் சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பை வாங்கிவிடாதீர்கள். ராட்சதக் கணவாயோடு நடக்கும் சண்டையை வைத்துக்கொண்டு நெமோவின் கோபத்தை வெட்டிவிடுவதுதான் சுருக்குபவர்களின் வழக்கம்.

அதற்கடுத்து, செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1936இல் வெளியிட்ட ‘சாலமாண்டர்களுடன் போர்’. என் சொந்தத் தேர்வு இதுதான். தொலைதூரத் தீவொன்றின் கடலில் புத்திக்கூர்மையுள்ள ஒருவகை நீர்ப்பல்லிகளைக் கண்டுபிடிக்கும் கப்பல் தலைவன், சுறாக்களை எதிர்க்கக் கத்திகளைக் கொடுத்து, பதிலுக்கு அவற்றிடமிருந்து முத்துக்களைப் பெற்றுக்கொள்கிறான். முத்து மலிந்து விலை சரிந்ததும், அந்த உயிரினங்களையே கடலடிக் கட்டுமானக் கூலிகளாக உலகெங்கும் விற்கும் பெருநிறுவனம் உருவாகிறது. அவை பெருகுகின்றன; அரசுகள் போட்டி போட்டுக்கொண்டு அவற்றுக்கு ஆயுதம் கொடுக்கின்றன; கடைசியில் தாங்கள் வாழக் கரையோரம் போதவில்லை என்று அவை நிலத்தை உடைத்துக் கடலாக்கத் தொடங்குகின்றன. சங்கு, பாசி, இறால் என்று கடலில் எடுப்பவர் ஒருவராகவும் அதற்கு விலை வைப்பவர் வேறொருவராகவும் இருக்கும் கரையில் இந்த நாவலுக்கு முன்னுரை எதுவும் தேவைப்படாது. சிரித்துக்கொண்டே படிக்கலாம் என்பது கூடுதல் வசதி. தமிழில் கிடைக்காவிட்டால் உங்கள் ஆசிரிய நண்பர் ஒருவர் வாரம் ஒரு பகுதியாகக் கதை சொல்லட்டும்.

சரித்திர நாவல்களைத் தவிர வேறெதையும் தொடாதவர் ஒருவராவது உங்களிடம் இருப்பார். அவருக்கு ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’, 1979. கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி, அடிமைமுறை நிலவிய காலத்து மேரிலாண்டுக்கு மீண்டும் மீண்டும் இழுத்துச் செல்லப்படுகிறாள். தன் மூதாதையான வெள்ளைக்காரனின் உயிரை அவள் காப்பாற்றாவிட்டால் அவளே பிறக்க வழியில்லை. காலப்பயணம் எப்படி நிகழ்கிறது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ஆகவே அறிவியல் புரியாது என்ற சாக்குக்கும் இடமில்லை. குடும்பக் கதை விரும்புவோரிடம் கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலை, விடுதிப் பள்ளியில் வளர்ந்த மூவரின் நட்பைப் பற்றியது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். நாவலுக்கே நேரமில்லை என்பவருக்கு, வங்காள எழுத்தாளர் பேகம் ருக்கையா 1905இல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தி நாட்டை ஆளும் அந்தச் சிறு கதை முதலில் அச்சேறியது நம் சென்னையிலிருந்து வந்த பெண்கள் பத்திரிகை ஒன்றில்தான்.

திரைப்படம் வேண்டாம். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம்மின் ‘சொலாரிஸ்’ நாவல், 1961, உங்கள் பட்டியலில் என்றாவது இடம்பெற வேண்டும். ஒரு கோளையே போர்த்தியிருக்கும் கடல், தன்னை ஆராய வந்த மனிதனிடம் இறந்துபோன அவன் மனைவியை உருவாக்கி அனுப்புகிறது. பல தலைமுறை அறிஞர்கள் நூலகம் நிறைய எழுதியும் அந்தக் கடலைப் புரிந்துகொள்ள முடியவில்லை. இதை 1972இல் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி படமாக்கினார். படம் புகழ்பெற்றது, லெம்முக்கோ அது பிடிக்கவில்லை, அவர் எழுதிய கடல் அதில் பின்னுக்குப் போய்விட்டது. படத்தை முதலில் பார்த்தவர் நாவலிலும் அந்த மனைவியை மட்டுமே தேடுவார். இன்னொன்று: கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் இந்தப் புத்தகத்தை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், அவர்களே கேட்டால் கொடுங்கள்.