வில்மாவா, நோபிளா?

கேள்வி: லினக்ஸ் மின்ட் 22-இல் வெளி ரெப்பாசிட்டரி (மென்பொருள் கிடங்கு) ஒன்றைச் சேர்த்தேன். அப்டேட் கொடுத்தால் ‘ரிலீஸ் ஃபைல் இல்லை’ என்கிறதே?

பதில்: பெயர்க் குழப்பம்தான். மின்ட் 22-இன் பெயர் ‘வில்மா’. அதற்கு அடித்தளமான உபுண்டு 24.04-இன் பெயர் ‘நோபிள்’. வெளி சர்வரில் பெரும்பாலும் நோபிள் ஃபோல்டர்தான் இருக்கும். உங்கள் சிஸ்டமோ அங்கே போய் வில்மாவைத் தேடுகிறது. ஈடிசி, ஆப்ட், சோர்சஸ்.லிஸ்ட்.டி என்று வரிசையாக உள்ளே போங்கள். அந்த ரெப்பாசிட்டரிக்கான ஃபைலை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு திறந்து, வில்மாவை நோபிள் என்று மாற்றுங்கள். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். பிறகு டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுங்கள். மின்ட்டின் சொந்த ஃபைலிலும் வில்மா இருக்கும், அதைத் தொட்டுவிடாதீர்கள்! எல்.எம்.டி.இ. (லினக்ஸ் மின்ட் டெபியன் எடிஷன்) பதிப்புக்கு இந்த வழி ஆகாது. அது உபுண்டு அல்ல, டெபியன் என்ற வேறொரு லினக்ஸின் வம்சம். உபுண்டு பேக்கேஜைத் திணித்தால் லைப்ரரி வெர்ஷன்கள் மோதிக்கொள்ளும்.