தீவு மருத்துவ நிலையத்துக்கு ஆள் தருவதாகச் சொல்லும் ஏஜென்சியிடம் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தீவில் ஏறக்குறைய 2,000 பேர் வாழ்கிறோம். பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் இரண்டரை மணி நேரப் படகுப் பயணம். மருத்துவர் பணியிடம் 14 மாதங்களாகக் காலியாக இருக்கிறது. செவிலியர் பணியிடங்கள் இரண்டு இருந்தும் பணியில் இருப்பவர் ஒருவர்தான்; அவரும் மாறுதல் கேட்டு மனுக் கொடுத்துவிட்டார். எங்கள் நலக் குழு கொஞ்சம் நிதி திரட்டி வைத்திருக்கிறது. இந்நிலையில் ஆள்சேர்ப்பு ஏஜென்சி ஒன்று, ஒரு மருத்துவரையும் இரண்டு செவிலியர்களையும் வெளிநாட்டிலிருந்து இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்து வருவதாகச் சொல்லி, மூவரின் மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்கிறது. கொடுக்கலாமா? சம்பளத்தைக் கூட்டித் தந்தால் வருகிறவர்கள் நிலைத்து இருப்பார்களா?
(தீவு நலக் குழுச் செயலாளர் ஒருவர்)

பதில்: கொடுக்க வேண்டாம். காரணத்தை நான் சொல்வதைவிட உங்கள் ஊர்ப் பதிவேடே நன்றாகச் சொல்லும். கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் மருத்துவ நிலையத்துக்கு வந்த மருத்துவர், செவிலியர் ஒவ்வொருவரும் எந்த மாதம் வந்தார், எந்த மாதம் போனார், போகும்போது என்ன காரணம் சொன்னார் என்பதை வருகைப் பதிவேட்டையும் பெரியவர்களின் நினைவையும் துணையாகக் கொண்டு ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். என்னிடம் ஆலோசனை கேட்ட குழுக்கள் எழுதிக் காட்டிய தாள்களில் பெரும்பாலும் ஒரே கதைதான் இருந்தது: ஆட்கள் வந்திருக்கிறார்கள், தங்கவில்லை. ஏஜென்சி விற்பது வரவை. உங்களுக்குப் பற்றாக்குறை இருப்பில்.

ஏன் தங்கவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 260 நாள். அதில் ஆண்டு விடுப்பு 25 நாள், பொது விடுமுறை 10 நாள், நோய் விடுப்பு 5 நாள், பயிற்சி 5 நாள் என்று கழித்தால் 215 மிஞ்சும். படகு ஓடாததால் கரையில் மாட்டிக்கொள்ளும் நாட்களையும் பயண நாட்களையும் சேர்த்து இன்னும் 10 நாள் கழியுங்கள், 205. ஆண்டின் 365 நாளும் பகலில் ஒரு செவிலியர் இருக்க வேண்டுமானால் 365-ஐ 205-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 1.8 பேர் வருகிறது. இரவும் பகலும் மூன்று முறைப்பணிகளாக ஆள் இருக்க வேண்டுமானால் ஐந்து பேருக்கு மேல் தேவை. உங்களுக்கு அனுமதிக்கப்பட்டவை இரண்டு, நிரம்பியது ஒன்று. உங்கள் செவிலியர் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனாலும், வாரத்தின் 168 மணி நேரமும் கதவு தட்டப்படுமா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பவர். அவர் மாறுதல் கேட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பணிச்சுமையை வைத்து ஆள் எண்ணிக்கையைக் கணக்கிடும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்ற பழைய வாய்ப்பாட்டை வைத்தே பணியிடம் ஒதுக்கும் அலுவலகங்கள் ஏராளம். அந்த வாய்ப்பாட்டில் கடல் கிடையாது. நிலப்பகுதியில் ஒருவர் விடுப்பில் போனால் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் பேருந்தில் வந்து ஈடுகட்டுவார். காற்று பலத்துப் படகு நின்ற நாளில் உங்கள் தீவுக்கு யார் வருவார்? இதையும் கவனியுங்கள்: உங்கள் இரண்டாவது செவிலியர் பணியிடம் உண்மையிலேயே காலியா, அல்லது ஒருவர் பெயரில் நிரப்பப்பட்டு அவர் மாற்றுப்பணி என்ற பெயரில் தலைமையிடத்தில் அமர்ந்திருக்கிறாரா என்பதை எழுத்து மூலம் கேளுங்கள். அப்படி இருந்தால் ஏட்டில் உங்களுக்குப் பற்றாக்குறையே கிடையாது, எத்தனை மனுப் போட்டாலும் கோப்பு நகராது. மூன்று முறை விளம்பரம் செய்தும் விண்ணப்பம் வராத பணியிடத்துக்கு ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் நான்காம் முறை அதே விளம்பரத்தை வெளியிடும் துறையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

சம்பளத்தைப் பற்றி இரண்டு வரி போதும். பணம் ஆளைப் படகில் ஏற்றும். இறங்கிய பிறகு அவரைப் பிடித்து வைக்காது. தொலைதூரப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்களை நிலைநிறுத்துவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள் ஊக்கத்தொகையைத் தனித்து நிறுத்தாமல், குடியிருப்பு, பாதுகாப்பான பணிச்சூழல், பணி வளர்ச்சி, அதே மண்ணில் வளர்ந்தவர்களைத் தேர்ந்து பயிற்றுவித்தல் ஆகியவற்றோடு சேர்த்தே பேசுகின்றன.

இனி ஏஜென்சி. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நேர்மையானவர்கள் ஒரு சிறு நலக் குழுவிடம் மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்பது அரிது.

முதல் கண்ணி, தன்விவரக் குறிப்பு. உங்களுக்குக் காட்டப்படும் அழகான விண்ணப்பங்கள் அதே வாரத்தில் வேறு ஐந்து இடங்களுக்கும் காட்டப்பட்டிருக்கலாம். பணம் கைமாறிய பிறகு, அந்த மருத்துவர் குடும்பக் காரணத்தால் விலகிவிட்டார், அவருக்கு இணையான இன்னொருவரை அனுப்புகிறோம் என்று கடிதம் வரும். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஆள் வராவிட்டாலோ இடையில் போனாலோ பணம் திரும்பத் தரப்படும் என்று இருக்காது. மாற்று ஆள் தரப்படும் என்றுதான் இருக்கும். மாற்று ஆள் எத்தனை நாளுக்குள் என்று இருக்காது. உத்தரவாதக் காலம் 90 நாள் என்று இருந்தால், 91-ஆம் நாள் அவர் படகேறினாலும் ஏஜென்சிக்குக் கவலையில்லை.

இரண்டாவது, பதிவு. மருத்துவப் பட்டம் வேறு, உங்கள் நாட்டில் மருத்துவம் பார்ப்பதற்கான பதிவு வேறு. வெளிநாட்டில் படித்தவர் உங்கள் நாட்டு மருத்துவ மன்றத்தின் தேர்வையோ சரிபார்ப்பையோ முடிக்க மாதங்கள் ஆகலாம், தோற்றும் போகலாம். ஏஜென்சி காட்டும் சான்றிதழ் நகலை நம்பாமல், மருத்துவ மன்றத்திடமும் செவிலியர் மன்றத்திடமும் பதிவு எண்ணைக் கொடுத்து நீங்களே நேரடியாகக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் ஊசி போட்டு ஏதேனும் நேர்ந்தால் வழக்கில் நிற்கப்போவது உங்கள் குழு. ஏஜென்சியின் பெயர் அங்கே இருக்காது.

மூன்றாவது கண்ணியைக் குழுக்கள் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அது உங்கள் பக்கத்தில் இல்லை, செவிலியரின் பக்கத்தில் இருக்கிறது. உங்களிடம் கட்டணம் வாங்கும் அதே ஏஜென்சி அந்தச் செவிலியரிடமும் வாங்கியிருக்கும். வேலை தேடுவோரிடம் தனியார் ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. ஆனால் அதை ஏற்று ஒப்பமிட்ட நாடுகள் குறைவு, ஒப்பமிட்ட இடங்களிலும் பயிற்சிக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று பெயர் மாறிவிடும். கடன் வாங்கி அதைக் கட்டியவர், இரண்டு ஆண்டு முடியுமுன் போனால் அபராதம் என்ற பத்திரத்திலும் கையெழுத்திட்டிருப்பார். சில இடங்களில் அசல் சான்றிதழ்களும் தரகர் கையில் இருக்கும். அப்படி வருகிறவருக்கு உங்கள் தீவு ஒரு கடன் தீர்க்கும் இடம். கடன் தீர்ந்த மாதம், அல்லது அபராதத்தைத் தானே கட்டுவதாக ஒரு நகர மருத்துவமனை சொன்ன மாதம், அவர் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வெளிநாட்டு ஆள்சேர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களைப் பிற நாடுகளிலிருந்து சேர்ப்பது குறித்து 2010-இல் ஏற்ற நெறிமுறைக் கோவையின் தொடர்ச்சியாக, உலக சுகாதார நிறுவனம் தங்களுக்கே ஆள் போதாத நாடுகளின் பட்டியல் ஒன்றைப் பேணுகிறது; 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் 55 நாடுகள் இருந்தன. துவாலு, கிரிபாட்டி, வனுவாட்டு, சாலமன் தீவுகள் எல்லாம் அதில் உண்டு. தனி ஒருவர் தாமே விரும்பி வருவதற்குத் தடையில்லை. திட்டமிட்டுப் போய் ஆள் திரட்டுவதுதான் கூடாது. உங்களுக்குக் காட்டப்படும் செவிலியர் எந்த நாட்டவர் என்று கேளுங்கள். உங்கள் தீவின் காலியிடத்தை நிரப்ப இன்னொரு தீவைக் காலி செய்வதாக அது இருக்கக் கூடும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், அதைக் கொஞ்சம் விரிவாகவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பிழையாகப் புரிந்துகொண்டு மீண்டும் அதே கண்ணியில் விழுந்தவர்கள் உண்டு. ஏஜென்சி மூலம் வரும் தற்காலிகப் பணியாளர் ஒருவகையில் உங்களுக்குப் பயன்படுவார்: அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வரும் சுழற்சியாக அது இருந்தால். நான்கு மருத்துவர்கள், ஒவ்வொருவரும் நான்கு முதல் ஆறு வாரம், முறை முடிந்தால் அடுத்தவர், சில மாதம் கழித்து மீண்டும் முதலாமவர். இரண்டு ஆண்டு தங்கமாட்டேன் என்பவர்கூட ஆண்டுக்கு இரண்டு முறை ஆறு வாரம் வருவார். மூன்றாம் முறை வரும்போது உங்கள் ஊர் நீரிழிவு நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பார். ஆனால் நால்வரின் பெயரும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘தகுதியுள்ள மருத்துவர் ஒருவர்’ என்ற சொற்றொடர் இருந்தால் அது நான் சொல்லும் சுழற்சி அல்ல, மாதம் ஒரு புது முகம். ஒருவர் போகும் நாளும் அடுத்தவர் வரும் நாளும் ஒரு நாளாவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், நோயாளிக் குறிப்பேடு கைக்குக் கை மாற வேண்டும். கட்டணம் பணி செய்த நாளுக்கு மட்டும், பின்பணமாக. படகு நின்று ஒருவர் வர முடியாமலோ போக முடியாமலோ ஆனால் அந்த நாட்களின் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதுங்கள். பெரும்பாலான தகராறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. அந்த நால்வரில் ஒருவர் பின்னாளில் உங்களிடம் நேரடியாகச் சேர விரும்பினால் ஏஜென்சிக்குத் தனிக் கட்டணம் தர வேண்டும் என்ற விதி சிறிய எழுத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இவற்றில் ஒன்றுக்கு ஏஜென்சி ஒப்பவில்லை என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காணொளி மருத்துவ ஆலோசனைக் கருவிகளை விற்பவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். கருவி நல்லதுதான், ஆனால் மறுமுனையில் இருக்கும் மருத்துவர் சொல்வதைச் செய்ய நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு கை வேண்டும்.

அந்தக் கைகளை ஊருக்குள் உருவாக்குவதற்குத்தான் உங்கள் நிதி போக வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்தே தீவில் 1976-இல் தொடங்கப்பட்ட சுகாதார அறிவியல் பள்ளி இதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி. அங்கே மாணவரை முன்மொழிவது அவருடைய ஊர். முதலில் மருத்துவச்சிப் பயிற்சி. அது முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் பணி. ஊர் மீண்டும் பரிந்துரைத்தால் செவிலியர் படிப்பு. அப்படியே மேலேறி மருத்துவராகவும் ஆகலாம். ஏணியின் எந்தப் படியில் நின்றாலும் ஊருக்கு ஒரு பணியாளர் மிஞ்சுகிறார். ஜப்பானில் 1972-இல் நிறுவப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில், மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்கள் படிப்பு முடிந்து பொதுவாக ஒன்பது ஆண்டு சொந்த மாநிலத்தில் பணியாற்றினால் கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தொலைதூர ஊர்களும் தீவுகளும் அந்தப் பணியிடங்களில் அடங்கும். அலாஸ்காவின் ஒதுங்கிய ஊர்களில் 1960-களிலிருந்து, ஊராரிலேயே சிலருக்குச் சில வாரங்கள் கொண்ட பயிற்சிகளைப் படிப்படியாகத் தந்து, தொலைவிலிருக்கும் மருத்துவரின் மேற்பார்வையில் முதல்நிலைச் சிகிச்சை தர வைத்திருக்கிறார்கள். கல்வி உதவி தந்து, திரும்பி வந்து பணியாற்ற வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவது தரகர் எழுதும் பத்திரத்தைப் போல ஆகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். பணியிடம், காலம், விடுவிப்பு மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆகாது. படிக்க ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள், இருவரை அனுப்புங்கள். தனியாகத் திரும்பி வருகிறவர் நீங்கள் இன்று இழக்கப்போகும் செவிலியரின் அதே நாற்காலியில்தான் உட்காருவார்.

இது பலன் தர மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதுவரை உங்களிடம் இருக்கும் ஒரே ஆள் அந்தச் செவிலியர், அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் அரை வாக்கியம்தான் இருந்தது. ஏஜென்சிக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் குழுவில் இருவர் போய் அவரிடம் உட்கார்ந்து, எது மாறினால் இருப்பீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பார், அல்லது கணவருக்கு இங்கே வேலையில்லை என்பார், அல்லது எட்டு மாதமாக ஒரு முழு இரவு தூங்கவில்லை என்பார். கூரையை உங்கள் நிதியில் இந்த மாதமே வேய்ந்துவிடலாம். இரவு அழைப்புக்கு உயிராபத்து, பிரசவம், குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்று ஒரு வரையறையை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து, தலைவலி மாத்திரைக்காக நள்ளிரவில் கதவைத் தட்டுவதை நிறுத்தலாம். மாதத்தில் இரண்டு வார இறுதிகள் அவர் தீவை விட்டுப் போய்வரும்படி, பதிவு பெற்ற மாற்றுச் செவிலியர் ஒருவரைத் துறையின் எழுத்துமூல அனுமதியோடு நாள் கூலிக்கு அமர்த்தலாம். ஏஜென்சி கேட்கும் முன்பணத்தைக் கொண்டு எத்தனை வார இறுதிகளுக்கு அப்படி ஆள் வைக்க முடியும் என்பதை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள்.