படலை பூட்டியாயிற்றா?

அன்புள்ள ஐயா,

கல்முனையிலிருந்து எழுதுகிறேன். என் மாமிக்கு வயது 82. இருட்டினால் போதும், "படலை பூட்டியாயிற்றா மகள்?" என்று தொடங்கிவிடுவார். பத்துத் தரம் பொறுப்பேன். பிறகு கத்திவிடுவேன். ஞாயிறு நற்கருணை வாங்கும்போது கை கூசுகிறது. இந்தச் சின்ன விஷயத்துக்கே பொறுமையில்லாத நான் என்ன கிறிஸ்தவள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

"சின்ன விஷயம்" என்றீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து என்ற அடைக்கவே முடியாத தொகை கடன்பட்டவன் ராஜாவின் காலில் விழுந்து, "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்கிறான். கேட்டது தவணை, கிடைத்ததோ முழுத் தள்ளுபடி. வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறை அற்பக் காசு என்று பிரசங்கங்களில் சொல்லிவிடுகிறார்கள். அன்று ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. நூறு நாள் கூலி அற்பமா என்று வேளாண்மை வெட்டப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்! பிறர் தரும் தொல்லை மெய்யான தொல்லைதான். அதை ஒன்றுமில்லை என்று விழுங்கிக்கொண்டு பத்துவரை எண்ணினால், பதினோராம் தரம் வெடிக்கத்தான் செய்யும்.

என்னை உறுத்துவது வேறு. இரண்டாம் கடனாளியும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறான்: "என்னிடத்தில் பொறுமையாயிரும்." சற்று முன் தன் வாயிலிருந்து வந்த சொல் என்று முதலாமவனுக்குப் பிடிபடவில்லை. காத்திரு என்பதற்கே "பொறு" என்று சொல்கிற ஊர்க்காரர் நாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும், கடைக் கொப்பியில் கடன் ஏறும்போதும் "கொஞ்சம் பொறுங்கள்" என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்போம்!

மாமி பூட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை. 1990இல், போர்க்காலத்தில், நம் பக்கத்து ஊர்களில் இருட்டியபின் யாராவது படலையைத் தட்டினால் வீடே மூச்சடங்கிப் போகும். உங்களுக்கு அது கேள்விப்பட்ட கதையாக இருக்கலாம். அவருக்கு அப்படியல்ல.

உபதேசம் செய்கிற நான் ஒழுங்கானவன் இல்லை. என் அம்மாவும் இதே கேள்விதான் கேட்பார். தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பூட்டியாயிற்று" என்பேன். "கோபிக்காதே மகன்" என்றார் ஒருநாள். அன்று கையைப் பிடித்துப் படலைவரை கூட்டிப்போய், ஆமைப்பூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்தார்.

அன்றிரவு நான்கு தரம்தான் கேட்டார்.