பாப்பாயைச் சுற்றியுள்ளவர்கள்: கேள்வி பதில்

கீரை தின்று பலசாலியாகும் மாலுமி பாப்பாயின் கதைகளில் வரும் துணைப் பாத்திரங்கள் பற்றி மட்டும் கேளுங்கள். காமிக்ஸா, கார்ட்டூனா என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் குழப்பினால் பதில் தப்பாகத்தான் வரும்.

கவிதா: ஆலிவ் ஆயில் பாப்பாய்க்கு ஜோடியாக உருவாக்கப்பட்டவளா?

இல்லை, அவள்தான் சீனியர். 1919 டிசம்பரில் இ. சி. சேகர் 'திம்பிள் தியேட்டர்' படக்கதையைத் தொடங்கியபோதே ஆலிவ் இருக்கிறாள். காதலன் பெயர் ஹாம் கிரேவி. பாப்பாய் வருவது 1929 ஜனவரி 17 அன்று. சூதாட்டத் தீவுக்குப் போகக் கப்பலோட்ட ஆள் தேடும் ஆலிவின் சகோதரன் காஸ்டர் ஆயில், துறைமுகத்தில் நிற்பவனிடம் "நீ மாலுமியா?" என்கிறான். "பின்னே, என்னைப் பார்த்தால் கௌபாய் மாதிரியா இருக்கு?" என்று வருகிறது பதில். ஒரு பயணத்துக்குக் கூலிக்கு வந்தவன் கதையையே எடுத்துக்கொண்டான். ஹாம் கிரேவிக்குக் கல்தா.

ரவி: கீரை சாப்பிட்டால் பலம் வருமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

சுரேஷ்: பாப்பாயின் நண்பன் விம்பிக்குக் கார்ட்டூனில் ஹாம்பர்கர் தின்பதைத் தவிர வேலையே இல்லையே?

கார்ட்டூனில் இல்லை. காமிக்ஸில் அவன்தான் ராஜா. "இன்றைக்கு ஒரு ஹாம்பர்கர் கொடுங்கள், செவ்வாய்க்கிழமை காசு தருகிறேன்" என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. "வீட்டுக்கு வாருங்கள், வாத்துக்கறி விருந்து" என்று பெரிய மனிதர் தோரணையில் அழைப்பான். அதே மூச்சில் "வாத்தை நீங்கள் கொண்டுவாருங்கள்" என்பான். இவனிடம் ஏமாறாமல் இருக்க உணவகக்காரன் ரஃப் ஹவுஸ் படும் பாடு, இவனைக் கண்டாலே கொல்லத் துடிக்கும் செருப்புத் தொழிலாளி கீசில் எல்லாம் பத்திரிகையின் ஞாயிறு காமிக்ஸ் பக்கங்களின் விருந்து. ஏழு நிமிடப் படத்தில் இதற்கெல்லாம் எங்கே இடம்?

மணி: ப்ளூட்டோவும் புரூட்டஸும் வேறு வேறு ஆள்தானே?

ஒரே ஆள். காமிக்ஸில் ப்ளூட்டோ 1932இல் ஒரே ஒரு கதைக்கு வந்து அடிவாங்கிப் போன கடற்கொள்ளையன். ஃப்ளெய்ஷர் ஸ்டுடியோ 1933இல் முதல் பாப்பாய் படம் எடுத்தபோது அவனையே நிரந்தர வில்லனாக்கியது. ஆலிவைக் கடத்தித் தண்டவாளத்தில் கட்டிவைப்பது அந்தப் படத்தில்தான். 1960இல் தொலைக்காட்சிக்குப் புதிதாகக் கார்ட்டூன் எடுத்த காமிக்ஸ் நிறுவனத்தார், ப்ளூட்டோ என்ற பெயர் சினிமா கம்பெனிக்குச் சொந்தம் என்று நினைத்துப் பெயரை மாற்றினார்கள். உண்மையில் அது காமிக்ஸில் பிறந்த பெயர், இந்த நிறுவனத்தாருடையதுதான்.

மணி: புரூட்டஸ் குண்டு. ப்ளூட்டோவுக்குக் கட்டுமஸ்தான உடம்பு. எப்படி ஒரே ஆள்?

வரைந்த கை மாறினால் உடம்பும் மாறும். ஆலிவும்தான் மாறியிருக்கிறாள், அவளை இரண்டு ஆள் என்கிறோமா?

செல்வி: மணி சொல்வது சரி. காமிக்ஸில் இருவரும் இரட்டையர் என்றே வந்திருக்கிறதே!

வந்தது, சேகர் இறந்து பல பத்தாண்டு கழித்து. வாசகர்கள் இப்படிச் சண்டை போட்டதால் ஒட்டிய ஒட்டு அது. 1978இல் கார்ட்டூன் மறுபடி வந்தபோது வில்லனின் பெயர் என்ன? ப்ளூட்டோ. புரூட்டஸ் எங்கே போனான்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

தீபா: மிக்கி மவுஸின் நாய் ப்ளூட்டோவும் இவனும்...

அது டிஸ்னி. இங்கே இல்லை.

ஆனந்த்: கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்பது தசமப் புள்ளி தப்பாக விழுந்த கணக்கு என்கிறார்களே?

மறுபடியும் கீரை! சேகரின் பாப்பாய் சொன்னது வைட்டமின் ஏ. இரும்பு இல்லை. ஆரம்பத்தில் அவனுக்குக் கீரையே கிடையாது. பெர்னிஸ் என்ற அதிசயக் கோழியின் தலையைத் தடவித்தான் குண்டடிபட்டும் பிழைத்தான். அந்தக் கோழியும் ஒரு துணைப் பாத்திரம் என்பதால் மட்டும் பதில் சொல்கிறேன்.

நிலா: பாப்பாயின் நான்கு மருமகன்கள் எந்தக் காமிக்ஸில் அறிமுகம்?

காமிக்ஸில் இல்லை. 1942 கார்ட்டூன். இதற்குத்தான் முதலிலேயே சொன்னேன்.

பாலு: எங்கிருந்து படிக்கலாம்?

சேகர் 1938இல் 43 வயதில் இறந்துவிட்டார். அதுவரை அவரே வரைந்ததைப் படியுங்கள். காஸ்டரும் கோழியும் வரும் 1928 கதையிலிருந்து தொடங்குங்கள். முதல் சில மாதம் பாப்பாய் வரமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.