பள்ளியில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், மகனின் சர்க்கரை அளவை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அவன் போனுக்கு அளவை அனுப்பும், அங்கிருந்து எங்கள் போனுக்கு வரும். புதுச் சட்டப்படி பள்ளியில் போன் கூடாதாம். ஒரு ஆசிரியர் கண்டுகொள்வதில்லை, இன்னொருவர் போனை வாங்கி ஆபீஸில் கொடுத்துவிட்டார். கேட்டால் "சட்டம் அப்படி" என்கிறார்கள். போனைத் திறந்து பார்ப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. விரைவில் கலிபோர்னியாவுக்கு மாறப்போகிறோம். அங்கே எப்படி?

பதில்: சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கடைசி வரை படித்தவர் உங்களிடம் பேசிய மாதிரி தெரியவில்லை.

எச்.பி. 1481 என்ற அந்தச் சட்டம் 2025 ஜூனில் கையெழுத்தாகி, 2025-26 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகள், அரசு நிதியில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வகுப்பு நேரம் மட்டுமல்ல, இடைவேளை, மதிய உணவு என்று பள்ளி நாள் முழுக்கத் தடை. போன் மட்டுமல்ல, ஸ்மார்ட்வாட்ச், டேப்லட்டும் சேர்த்தி. "போனுக்குப் பதில் வாட்ச் கட்டி அனுப்புகிறோம்" என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அதையும் வாங்கி வைப்பார்கள்.

அதே சட்டத்தில்தான் விதிவிலக்கும் இருக்கிறது. தகுதியுள்ள மருத்துவரின் அறிவுறுத்தலோடு தேவை ஆவணமாக இருந்தாலோ, மாணவரின் ஐஇபி (சிறப்புக் கல்வி பெறும் மாணவருக்கான தனிக் கல்வித் திட்டம்) அல்லது 504 திட்டத்தை (உடல்நலக் குறை உள்ள மாணவருக்குப் பள்ளி செய்ய வேண்டிய ஏற்பாடுகளை எழுதிய திட்டம்) நிறைவேற்றக் கருவி தேவைப்பட்டாலோ, பள்ளி அனுமதித்தே ஆக வேண்டும். "அனுமதிக்கலாம்" என்று அல்ல, கட்டாயம் என்றே எழுதியிருக்கிறது. ஆக உங்கள் மகனுக்குச் சட்டம் தடை இல்லை. கையில் காகிதம் இல்லாததுதான் பிரச்சினை. ஒரு ஆசிரியர் நல்ல மனதோடு கண்டுகொள்ளாமல் இருப்பது, அடுத்த பீரியடில் மாற்று ஆசிரியர் வந்தால் செல்லாது.

முதல் வேலை டாக்டர் கடிதம். "இவருக்குப் போன் தேவை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு, "சரி, போன் ஆபீஸில் இருக்கட்டும், தேவைப்பட்டால் வந்து பார்க்கட்டும்" என்று பள்ளி சொல்லிவிடும். சென்சாருக்கும் போனுக்கும் இடையில் புளூடூத் எட்டுவது சுமார் 10 மீட்டர்தான். போன் ஆபீஸில், பையன் மைதானத்தில் என்றால் அளவும் வராது, அபாய ஒலியும் அடிக்காது. எனவே போன் எந்நேரமும் அவன் உடம்போடு இருக்க வேண்டும், ஒலியை அணைக்கக் கூடாது, இணைய இணைப்பு வேண்டும், உடற்பயிற்சி வகுப்பிலும் பேருந்திலும் தேர்வு அறையிலும் இது பொருந்தும் என்று கடிதத்தில் விரிவாக எழுதச் சொல்லுங்கள். சில பள்ளிகள், "போன் எதற்கு, தனி ரிசீவர் வாங்குங்களேன்" என்று கேட்கும். டெக்ஸ்காம் மாதிரியான சர்க்கரை சென்சார்களில் ரிசீவர் அளவைக் காட்டுமே தவிர, வீட்டுக்கு அனுப்பாது. உங்களுக்கு அது தெரிந்திருக்கும், பள்ளிக்குத் தெரியாது. அதையும் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள்.

இன்சுலின் அளவெல்லாம் எழுதி டாக்டர் கையெழுத்திட்ட டி.எம்.எம்.பி. (சர்க்கரை நோய் மருத்துவப் பராமரிப்புத் திட்டம்) படிவத்தைப் பள்ளி நர்ஸிடம் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். போன் பற்றிய வாசகம் அதிலும் ஏறட்டும். அப்புறம் 504 திட்டம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் தேதி பதிவாகாது. இழுத்தடித்தால் பள்ளி மாவட்டத்தின் 504 ஒருங்கிணைப்பாளரிடம் போகலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மத்திய கல்வித் துறையின் சிவில் உரிமைப் பிரிவில் புகார் தரலாம், சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கடிதத்தைப் பார்த்ததும் பள்ளி முதல்வர்களே இறங்கி வருவார்கள்.

போனைத் திறந்து பார்ப்பது தனி விஷயம். விதியை மீறினால் வாங்கி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாங்கி வைப்பது வேறு, உள்ளே புகுந்து மெசேஜ் படிப்பது வேறு. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி.எல்.ஓ. என்ற மாணவியின் வழக்கில் சொன்னபடி, பள்ளி சோதனையிட நியாயமான சந்தேகம் வேண்டும், சோதனையும் அந்தச் சந்தேகத்தின் அளவோடு நிற்க வேண்டும். வகுப்பில் போனை எடுத்தான் என்பதாலேயே அதற்குள் எல்லாவற்றையும் பார்க்க உரிமை வந்துவிடாது என்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்போரோ பள்ளி வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்சஸ் அந்த வட்டாரத்தில் இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது; ஆனாலும் வாதத்துக்கு உதவும். மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: போனைக் கேட்டால் மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டும். பாஸ்கோடு கேட்டால், "அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும்.

கலிபோர்னியாவின் ஏ.பி. 3216 சட்டம் 2024இல் வந்தது. அது நேரடித் தடை அல்ல. 2026 ஜூலை 1க்குள் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் போனைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ தானே ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அதனால் ஒரு ஊரில் நாள் முழுக்கப் பூட்டு, பக்கத்து ஊரில் மதிய உணவு நேரத்தில் சலுகை என்று இருக்கலாம். வீடு பார்க்கும்போதே அந்த மாவட்டத்தின் கொள்கையையும் பார்த்துவிடுங்கள். மருத்துவர் அவசியம் என்று சொன்னாலோ, ஐஇபியில் இருந்தாலோ, ஆபத்து நேரத்திலோ தடுக்கக் கூடாது என்பது மாநிலம் முழுக்கப் பொது. போனைச் சோதனையிடும் விஷயத்திலும் அங்கே பாதுகாப்பு கூடுதல்: மாநிலத்தின் மின்னணுத் தனியுரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிக்கும் பொதுவாக வாரண்டோ சம்மதமோ வேண்டும்.

504 மத்தியச் சட்டம்தான், ஆனாலும் டெக்சஸில் போட்ட திட்டத்தைப் புது மாவட்டம் தன் பங்குக்குப் பரிசீலிக்கும். டாக்டர் கடிதத்துக்கும் இப்போதுள்ள 504 திட்டத்துக்கும் ஆளுக்கொரு நகல் எடுத்து, பள்ளி திறக்கும் முன்பே நர்ஸுக்கும் 504 ஒருங்கிணைப்பாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.