சென்னை–தூத்துக்குடி விமானம்: எந்த நேரத்தை நம்புவது?

கேள்வி: சென்னை–தூத்துக்குடி விமானத் தொலைவு 527 கிலோமீட்டர், பயணம் ஒரு மணி நேரத்துக்குள் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. டிக்கெட் எடுக்கப் போனால் ஒன்றரை மணி நேரம் என்கிறார்கள். எது சரி? பாளையங்கோட்டையிலிருந்து என் அப்பா அம்மா சென்னை வர விமானம் நல்லதா, ரயிலா?

பதில்: டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள். 527 கிலோமீட்டர் என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு. சாலையில் போனால் 600ஐ ஒட்டி வரும். அந்த இணையதளங்கள் பெரும்பாலும் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. இந்த வழியில் பறப்பவற்றில் பல ஏ.டி.ஆர். விமானங்கள். இறக்கையில் விசிறி சுழலும் இந்த வகை, மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். அப்புறம், டிக்கெட் நேரம் வெறும் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்து நிற்கும் வரை உள்ள நேரம் அது. சென்னையில் ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம்.

இந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்கும் இதுதான் அடிப்படை. 24 மணி நேரத்துக்கு முன்பாவது தகவல் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் இழப்பீடு உண்டு. பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒன்று முதல் இரண்டு மணி என்றால் 7,500. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. மழை, புயல் காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. ஆனால் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். நிறுவனம் மழுப்பினால், விமானப் பயணிகளின் புகாருக்கென மத்திய அரசு நடத்தும் ஏர்சேவா இணையதளத்தில் புகார் செய்யுங்கள்.

சரி, விமானமா ரயிலா? பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குக் காரில் முக்கால் மணி நேரம். பயணப் பெட்டியை ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சென்னையில் பெட்டி எடுத்து வீடு சேர்வதையும் கூட்டினால் நான்கரை, ஐந்து மணி நேரம் ஆகும். வந்தே பாரத் திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்கு எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதில் உட்கார்ந்தேதான் வர வேண்டும். இடுப்பு வலி, முதுகு வலி இருப்பவர்களுக்கு அது கஷ்டம். அப்படியானால் விமானமே மேல். ஆனால் ஏ.டி.ஆரில் தரையிலிருந்து பின்பக்கக் கதவு வழியாகச் சில படிகள் ஏற வேண்டும், படிகள் குறுகல். முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். இருவரும் திடமாக இருக்கிறார்கள், செலவும் பார்க்க வேண்டும் என்றால், இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.